செவ்வாய்க்கிழமைக் கேள்விகள்

மே மாத மழையில் எங்கள் லைனில் எந்த வீட்டிலும் துணி காயாது. எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டில் பேசுவது கேட்காது. மற்ற மாதங்களில் ரோடா சோளமாவு உகாலி கிண்டும்போது கரண்டி சட்டியில் உரசுவதுகூட எனக்குக் கேட்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். ஃபேக்டரிக்காரர்கள் கட்டிக் கொடுத்தது அவ்வளவு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை நாலு மணிக்கே விட்டுவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் கேட்டேன். ஒட்டுக்கேட்டாள் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

"மானேஜர் உக்காருங்கன்னு சொன்னாரு," என்றாள் ரோடா.

"எங்க, நாற்காலியிலயா?" என்றான் அவள் புருஷன் கிர்வா.

"பின்ன தரையிலயா?"

"அந்த ரூம்ல யாரையும் உக்கார வச்சதில்லயே."

"டீயும் குடுத்தாரு."

கிர்வா ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?"

"அப்புறம் கேள்விதான். நான் இல்லாத அன்னைக்கு என்ன நடந்துச்சு, ஏன் அப்படி ஆச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க, திரும்ப அதே மாதிரி வந்தா வேற என்ன செய்யலாம். நான் சொல்லச் சொல்ல நீல நோட்டு ஒண்ணுல எழுதிக்கிட்டே இருந்தாரு."

"எழுதுனாரா?"

"எழுதுனாரு."

"கையெழுத்துப் போடச் சொன்னாரா?"

"இல்ல. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வாங்கன்னாரு."

"செருட்டோ அம்மா," என்றான் கிர்வா, மகள் பெயரை வைத்து. பயம் வந்தால்தான் அவன் அவளை அப்படிக் கூப்பிடுவான். "போச்சு. எல்லாம் போச்சு."

எங்கள் நாண்டி மலையில் இதைக் கேட்ட யாரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேள்வி கேட்பது ஒரே ஒரு சமயத்தில்தான். அது வெள்ளைக் கவரில் வரும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, நீ வேறு என்ன செய்திருக்கலாம், உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்தில் பதில் கொடு. அப்படி மூன்று கவர் வாங்கியவர்கள் நாலாவதாகப் பெட்டியைத்தான் தூக்கினார்கள். வேலை போனால் முப்பது நாளில் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

திட்டுவது வேறு. திட்டுக்கு நாங்கள் பயந்ததே இல்லை. பழைய மானேஜர் கோரோஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, நம் குடும்பத்தில் ஒருவர் விடாமல் இழுத்துத் திட்டுவார். ஐந்து நிமிஷம் கழித்து அவரே மூக்குப்பொடி டப்பாவை நீட்டுவார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. புது மானேஜர் வாண்டெரா மேற்கே ஏரிப் பக்கத்துக்காரர். வந்து மூன்று மாதத்தில் ஒருவரையும் திட்டவில்லை. அதுவே எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

அவர் கேட்ட "அன்னைக்கு" எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரோடா காலை ஷிப்டின் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். வெட்டிய இலை தொட்டியில் கிடந்து காற்று வாங்கி, பச்சை போய்ச் செம்பு நிறத்துக்கு வரும். புல் வாசனை மாறிப் பழ வாசனை வரும்போது எடுத்து உலர்த்தியில் போட வேண்டும். கொஞ்சம் முந்தினால் டீ பச்சையாகக் கசக்கும். கொஞ்சம் பிந்தினால் மந்தமாகச் செத்துப்போகும். அந்தப் பதத்தைச் சொல்கிற மூக்கு எங்கள் ஷிப்டில் ரோடாவினுடையது மட்டும்தான் என்று எல்லோரும் நம்பினோம். அவளும் நம்பினாள். அவள் வந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து "எடுங்க" என்று சொல்லாமல் ஒரு கூடைகூட நகராது.

ஏப்ரல் கடைசியில் ரோடா தன் சித்தி அடக்கத்துக்குப் போனாள். தொட்டிப் பொறுப்பு மெட்டோ கையில் இருந்தது. ஒன்பது வருஷமாகத் தொட்டி பக்கத்தில் நிற்கிறவன், நாற்பது வயசுக்காரன், கையில் மண்வெட்டியைக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவான். அன்றைக்குப் பதம் வந்தது. பதம் தாண்டியது. பன்னிரண்டு பேர் தொட்டியைச் சுற்றி நிற்க, மெட்டோ போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோடாவை ஏழு தடவை கூப்பிட்டான். அவள் குழிமேட்டில் போனை அணைத்துவிட்டு நின்றிருந்தாள். இரண்டு மணி நேரத்து டீ வீண். சலிப்பகத்தில் அது என் சல்லடைக்கு வந்தபோது ஈரச் சாக்கு வாசனை அடித்தது.

மெட்டோவுக்குப் பதம் தெரியாமல் இல்லை. முன்னொரு காலத்தில் அவன் ஒருதரம் தானாக "எடுங்க" என்று சொன்னான். ரோடா எல்லோர் முன்னாலும் வந்து, "இங்க மூக்கு இருக்குறது உனக்கா எனக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு மூடியவன்தான், பிறகு வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் ரோடா மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போனால் எங்கே போவது? கிர்வா சைக்கிளில் பால் ஊற்றுகிறவன். ஒரே மாடு, அதுவும் ஃபேக்டரி ஓரத்துப் புல்லை மேய்ந்துதான் கறக்கிறது. ஊரில் இருந்த குடிசையை, வேலி எல்லைச் சண்டையில் அவன் அண்ணன் பிரித்துப் போட்டு நாலு வருஷம் ஆகிறது. "உன் அண்ணன் பொண்டாட்டி கிணத்துல தண்ணி எடுக்குறதுக்கு நான் கைகட்டி நிக்கணுமா?" என்று ரோடா கேட்பது எனக்குக் கேட்டது. செருட்டோ விடுதியில் இருந்து படிக்கிற பெண். அவளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உப்பு வாங்கும் சாக்கில் நான் உள்ளே போனேன். கிர்வா கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். கையில் சுரைக்குடுக்கை. உள்ளே கரி பூசி, பத்து நாள் புளிக்க வைத்த முர்சிக் பால்.

"எங்க பொண்ணு பாக்கவா?" என்று கேட்டேன்.

"மானேஜர் வீட்டுக்கு, கிகென் அம்மா. மரியாதைக்கு ஒரு குடுக்கை குடுத்துட்டு வரலாம்னு."

"அவங்க பக்கத்துல கோழின்னா உசுரை விடுவாங்களே. சேவல் ஒண்ணு பிடிச்சுக்கிட்டுப் போ."

"சேவல் குடுத்தா லஞ்சம்," என்றாள் ரோடா அடுப்பிலிருந்து திரும்பாமல். "அதுக்கும் சேத்து ஒரு கவர் வரும். பால்னா லஞ்சமில்ல."

"ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சு வர்றவனுக்குத்தான் குடுக்கையை நீட்டுவோம். அவரு எதுல ஜெயிச்சாரு?"

"என்னைத் துரத்துறதுல ஜெயிக்கப் போறாரில்ல," என்றாள்.

சிரித்திருக்கலாம். ஆனால் கீரை நறுக்கிய கத்தியை இரண்டு தடவை கீழே போட்டாள். கிர்வா போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். உட்காரவே இல்லை.

"குடிச்சாரா?"

"முழு டம்ளர் குடிச்சாரு. முகம் கோணிப்போச்சு, ஆனா குடிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"கேட்டாரு."

"என்னன்னு?"

"'இன்னைக்கு இங்க வரணும்னு உங்களுக்கு ஏன் தோணுச்சு'ன்னு கேட்டாரு."

ரோடா கரண்டியைச் சட்டியில் விட்டாள். "நீ என்ன சொன்ன?"

"மாடு நல்லா கறக்குதுன்னு சொன்னேன்."

"மாடு கறக்குதுன்னா?"

"வேற என்ன சொல்றது? அவரு சிரிச்ச முகமா பாத்துக்கிட்டே இருக்காரு. பேசவே மாட்டேங்குறாரு. பேசாம ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தா வாயில என்ன வரும்? வீட்டுக்கு உள்ளயும் கேள்விதான், ரோடா. அந்த ஆளு பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் இருப்பாரு போல."

இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்தது. வாண்டெரா கேட்டது ஒன்றே ஒன்று. உங்களைத் தவிர உங்கள் ஷிப்டில் பதம் சொல்லக்கூடியவர் யார்?

ரோடா யோசிக்கவே இல்லையாம். "ஒருத்தரும் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"பிரமாதம்!" என்று கிர்வா பலகைச் சுவர் அதிரக் கத்தினான். "கதவைச் சாத்திட்ட. வேற ஆளு இல்லன்னா உன்னை எப்படி அனுப்புவான்?"

"என் எடத்துக்கு ஆள் தேடுறாருன்னு அந்தக் கேள்வியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அதான். நீ விடலயே."

எனக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் ரோடாவிடம் சொன்னேன். "மெட்டோவுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும். ஏன் பொய் சொன்ன?"

"நீ உன் சல்லடையைப் பாரு."

"என் சல்லடைக்குத்தானே கெட்ட டீயெல்லாம் வருது. ஒரு நாள் நீ சித்தி அடக்கத்துக்குப் போனா ரெண்டு மணி நேர டீ செத்துப்போகுது. உனக்கே ஒண்ணு ஆச்சுன்னா ஃபேக்டரியையே புதைக்கணுமா?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மூன்று நாளும் மழை. காய்ந்தும் காயாததுமாகத் துணியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனோம். லாரி லாரியாக ஈர இலை வந்து இறங்கியது. வாட்டும் பரணில் இடமில்லாமல் நடைபாதையில்கூடக் கொட்டினார்கள். ரோடா தொட்டிக்குத் தொட்டி ஓடினாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவள் ஆபீஸிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, என் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"இன்னைக்கு நான் கத்திட்டேன்."

"யாருகிட்ட?"

"அவருகிட்ட. 'இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு மேடம்'னு ஆரம்பிச்சாரு. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. எந்திரிச்சு நின்னு, 'சார், அனுப்பணும்னா கவரைக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன். இப்படி வாராவாரம் டீ குடுத்துக் கொல்லாதீங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அய்யய்யோ."

"அவரு பேனாவைக் கீழ போட்டுட்டாரு. 'என்ன கவரு'ன்னாரு. நான் சொன்னேன். இங்க கேள்வி எப்ப வரும், எதுல வரும், எத்தனை வந்தா பெட்டியைத் தூக்கணும்னு எல்லாம் சொன்னேன். அந்த மனுசன் தலையில கை வச்சுக்கிட்டாரு. அப்புறம் நோட்டைத் திருப்பி என் பக்கம் வச்சாரு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"நான் சொன்னதுதான். ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்கல. ஆனா ஒவ்வொரு பக்கத்துலயும் மேல பெரிய எழுத்துல 'வாயை மூடு'ன்னு எழுதியிருந்துச்சு."

"உன்னையா?"

"அவரையே. அவரு சரியான வாயாடியாம், கிகென் அம்மா. வீட்டுல பொண்டாட்டி சொல்லுவாளாம். நக்குருவுல நாலு நாள் வகுப்புக்கு அனுப்பியிருக்காங்க. ஆளுங்களுக்கு வேலையைச் சொல்லிக் குடுக்காத, கேளு, அவங்களே யோசிச்சு வழி கண்டுபிடிக்கட்டும், நீ குறுக்க பேசாதன்னு. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாராம். 'எதுக்குக் கேக்குறேன்னு முதல்லயே சொல்லியிருக்கணும், அது என் தப்பு'ன்னாரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கவரு இல்லயில்ல, அப்புறம் என்ன மூஞ்சி?"

"கவரு இல்ல. ஆனா பயப்பட ஒண்ணுமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்னாரு. ஜூலையில மூணு ஷிப்டை ரெண்டா ஆக்கப் போறாங்களாம். மூணு மேற்பார்வையில ஒரு ஆளு அதிகம். நைரோபி ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒருத்தங்க வந்து ஒவ்வொரு ஷிப்டா பாப்பாங்க. அன்னைக்கு மேற்பார்வைக்காரங்களைத் தூக்கி ஆபீஸ்ல உக்கார வச்சிடுவாங்க. ஆளில்லாம ஷிப்ட் ஓடுச்சுன்னா அந்த ஆளு நல்ல மேற்பார்வை, உதவி மானேஜரா ஆக்குவாங்க. நின்னு போச்சுன்னா..."

"பெட்டி."

"ஆமா. இன்னும் மூணு வாரம். பத்தொன்பது வருசமா நான் இல்லாம நகராதுன்னு பெருமை அடிச்சேன். இப்ப நகரணுமாம்." முந்தானை மாதிரி போர்த்தியிருந்த லெசோ துணியால் முகத்தைத் துடைத்தாள். "மெட்டோவுக்குத் தெரியும்னு இன்னைக்குச் சொல்லிட்டேன். 'அவரை எப்படிப் பேச வைக்கலாம்னு நினைக்கிறீங்க'ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலன்னேன். 'தெரியலன்னு சொன்னது நல்ல ஆரம்பம்'னு சொல்றாரு. அறைஞ்சிருப்பேன்."

மறுநாள் காலை அவள் மூன்றாவது தொட்டிக்குப் போனாள். அள்ளவில்லை. முகரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மெட்டோ, இது எந்த நிலையில இருக்குன்னு நீ நினைக்குற?" என்று கேட்டாள்.

சலிப்பகத்துக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் பெரிய திறப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டோவின் முகம் சுண்டிப்போயிற்று. "நீங்க சொல்ற நிலையிலதான் இருக்கு அக்கா," என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லலயே. நீ சொல்லு."

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லடா. சும்மா கேக்குறேன்."

சும்மா கேட்பதாம். அந்த வார்த்தைக்கு அப்புறம் மெட்டோ தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அவன் வியர்த்து, தரையைப் பார்த்து, "பதம் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்," என்றான். கடைசியில் பொறுக்க முடியாமல் இவளே அள்ளி முகர்ந்து "எடுங்க" என்றாள். இப்படியே ஒரு வாரம் போனது. இரண்டு வாரம்தான் மிச்சம். ரோடா வீட்டில் கிர்வா பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தான். வெயில் எங்கே இருந்தது, மழையில் நனைந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் ரோடா வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். மெட்டோவின் பெண்டாட்டி டமாரிஸ். நல்ல உடை உடுத்தியிருந்தாள். கையில் ஒரு சுரைக்குடுக்கை.

ரோடா அதைப் பார்த்தபடியே நின்றாள். கிர்வா என்னைப் பார்த்தான்.

"உள்ள வா," என்றாள் ரோடா. "என்னது இது?"

"முர்சிக் அக்கா. மரியாதைக்குத்தான். மாடு இப்ப நல்லா கறக்குது."

கிர்வா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"டமாரிஸ், எதுக்கு வந்த, சொல்லு."

அவள் குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஒரு வாரமா அவரு தூங்கல அக்கா. சோத்தைப் பிசைஞ்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுறாரு. 'அக்கா என்னைத் தினமும் கேள்வி கேக்குது, அந்த ஏப்ரல் விசயத்தை என் தலையில எழுதப் போறாங்க'ங்குறாரு. நாலு புள்ளைங்க அக்கா. அவரு என்ன தப்பு பண்ணியிருந்தாலும் நீங்க ஒரு தடவை எல்லாரு முன்னாலயும் நல்லா திட்டிடுங்க. கன்னத்துல ஒண்ணு வச்சாலும் பரவாயில்ல. அவரு அன்னைக்கு ராத்திரி தூங்கிடுவாரு. கேள்வி மட்டும் வேணாம்."

பட்டாணி உரிக்கிற என் கை நின்றுவிட்டது. ரோடா சுவரில் சாய்ந்தாள். அவள் அழுவதை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் தன் சித்தி செத்ததற்கே அழாதவள்.

"எந்திரி," என்றாள் டமாரிஸிடம். "குடுக்கையையும் எடுத்துக்கோ. உங்க வீட்டுக்குப் போவோம்."

நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. மெட்டோ கதவைத் திறந்ததும் எங்கள் மூன்று பேரையும் குடுக்கையையும் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ரோடா நாற்காலியில் உட்காரவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கோணிப்பையில் உட்கார்ந்தாள்.

"மெட்டோ, நான் மூணு வாரம் தூங்கல. தெரியுமா?"

"எதுக்கு அக்கா?"

"மானேஜர் என்னைக் கேள்வி கேட்டாரு. கவரு வரப் போகுதுன்னு நினைச்சேன். இவ தூக்கிட்டு வந்த மாதிரியே என் புருசன் ஒரு குடுக்கை தூக்கிட்டு அவரு வீட்டுக்குப் போனான். கோட்டுப் போட்டுக்கிட்டு."

மெட்டோ என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். "கல்யாணக் கோட்டு," என்றேன்.

"ஜூலையில எனக்குப் பரீட்சை," என்று ரோடா தொடர்ந்தாள். நைரோபிக்காரர்கள் வரப்போவது, மூன்று ஷிப்ட் இரண்டாகப் போவது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். "அன்னைக்கு நான் கீழ வர முடியாது. நீ சொல்லலன்னா நான் பெட்டியைத் தூக்கணும். ஏப்ரல்ல தப்பு உன்மேல இல்ல. உன் வாயை மூடுனது யாரு? நான்தானே. எட்டு வருசம் முன்னாடி எல்லாரு முன்னாடியும் உன்னைக் கேட்டேனே, மூக்கு யாருக்குன்னு."

"ஆறு வருசம்," என்றான் மெட்டோ மெதுவாக. "நவம்பர் மாசம். வியாழக்கிழமை."

ரோடா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு டமாரிஸ் அந்தக் குடுக்கையைக் குலுக்கி நாலு டம்ளரில் ஊற்றினாள். குடித்தோம். நன்றாகப் புளித்திருந்தது.

அதற்கப்புறம் அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். முதலில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இரண்டு நாள் தப்பாகச் சொன்னான். ஒரு கூடை பச்சையாகவே போய்விட்டது. ரோடா உதட்டைக் கடித்துக்கொண்டு, "எதை வச்சு அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். உதட்டில் புண் வந்துவிட்டது. என்னிடம் வந்து, "திட்டுறது எவ்வளவு லேசு தெரியுமா?" என்று புலம்புவாள்.

ஜூலை முதல் வாரம் ஷிப்டைப் பார்க்க ஒரு அம்மா நைரோபியிலிருந்து வந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் கடிகாரம், காலில் எங்கள் சேற்றுக்கு ஒத்துவராத செருப்பு. வாண்டெரா ரோடாவை மாடி ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். கோரோஸ் காலத்தில் எங்களை வேவு பார்க்கக் கட்டியது அது. தொட்டிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. நாங்களும் அவளைப் பார்க்கலாம், அவளும் எங்களைப் பார்க்கலாம்.

விடியலிலிருந்து குளிர் மழை. தொட்டிப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் நேரம் எழுதியிருந்தது. மழைக் காலத்தில் இலை தொட்டியில் கிடக்க ரோடாவின் கணக்கு எண்பத்தைந்து நிமிஷம்; அதற்கு முன் அவள் முகர்ந்தே பார்க்க மாட்டாள். அது எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்பதரைக்கு மழை விட்டது. பத்து மணிக்குப் பளீரென்று வெயில் அடித்தது. தகரக் கூரை படபடவென்று காய்ந்து வெப்பம் கீழே இறங்கியது. எனக்குக் கழுத்தில் வியர்த்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. மெட்டோ யோசித்தான்.

அறுபத்தைந்தாவது நிமிஷம் அவன் தொட்டியில் கை விட்டு ஒரு பிடி அள்ளினான். அழுத்திப் பார்த்தான். முகர்ந்தான். இரண்டாவது தடவையும் அள்ளி முகர்ந்தான். விரல் இடுக்கில் தூள் கொட்டியது.

"இன்னும் இருபது நிமிசம் கெடக்குய்யா," என்றான் கூடைக்காரன் ஒருவன்.

மெட்டோ மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். அவன் பார்த்ததும் பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். சல்லடையை விட்டு நாங்களும் பார்த்தோம். நைரோபி அம்மாவும் பார்த்து, நோட்டில் ஏதோ எழுதினாள். அங்கேயிருந்து ஒரு தலையாட்டல் போதும். அதை அந்த அம்மா பார்த்துவிடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது. தலையாட்டாவிட்டால் ஏப்ரல் மாதம் திரும்பி வரும்.

ரோடா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றாள். எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

மெட்டோ அந்த முதுகைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கையில் மிச்சமிருந்த தூளை இன்னொரு தடவை முகர்ந்தான்.

"எடுங்க," என்றான். யாருக்கும் கேட்கவில்லை. அவனே தொண்டையைச் செருமி, "எடுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினான்.

பன்னிரண்டு பேரும் ஓடினார்கள்.

இரண்டு மணிக்கு ருசி பார்க்கும் அறையில் வெள்ளைக் கிண்ணங்களில் டீயை ஊற்றி வைத்தார்கள். நைரோபி அம்மா உறிஞ்சித் துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள். பிறகு துப்பாமல் குடித்துவிட்டாள். வாண்டெரா பேச வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டார் என்று அறையைத் துடைக்கிறவள் சொன்னாள். ரோடா வீட்டுப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ஷிப்ட் முடிந்து கை கழுவுகிற இடத்தில் ரோடா மெட்டோவைப் பிடித்தாள். நான் பக்கத்துக் குழாயில் இருந்தேன், இல்லாமல் எங்கே இருப்பேன்.

"மெட்டோ, நானா இருந்தா எண்பத்தஞ்சு வரைக்கும் விட்டிருப்பேன். நீ அறுபத்தஞ்சுலயே எடுக்கச் சொன்ன. எப்படித் தெரிஞ்சுது?"

மெட்டோ கையில் சோப்போடு அவளைப் பார்த்தான். பழைய பயம் ஒரு நொடி முகத்தில் வந்துபோனது.

"அக்கா, இது கேள்வியா, கவரா?"

"கேள்விதான்டா," என்றாள் ரோடா. "எனக்குத் தெரியல. சொல்லிக்குடு."

அவன் குழாயை மூடிவிட்டு, கூரையில் வெயில் விழுகிற இடத்தைக் கையால் காட்டி, அந்த வெக்கையில் இலை சீக்கிரமே பதத்துக்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.